பாயிண்ட் டூ டூ புராணம்

1635ஆம் வருஷம் மார்ச் மாதம். மாசசூசெட்ஸ் குடியேற்றம் தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் பைபிள் இருந்தது, பக்தி இருந்தது, குளிர் தேவைக்கு மேலேயே இருந்தது. காசுதான் இல்லை. இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஷில்லிங்கும் பென்னியும் சாமான் கொண்டுவந்த கப்பலிலேயே ஏறித் திரும்பிப் போய்விட்டன. வரியை மாடாகக் கட்டலாம், கடனைச் சோளமாக அடைக்கலாம். ஆனால் கால் பென்னிக்கு ஒரு சாமான் வாங்கினால் என்ன கொடுப்பது? மாட்டின் எந்தப் பாகத்தைக் கால் பென்னிக்கு அறுப்பது?

ஊர்ப் பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள். சபை கூடி ஒரு சட்டம் போட்டார்கள். மஸ்கெட் துப்பாக்கிக்குப் பொருந்தும் முழு அளவு ஈயக் குண்டு ஒன்று, இனி ஒரு ஃபார்திங்குக்குச் செல்லும். ஃபார்திங் என்றால் கால் பென்னி. அதே கையோடு பித்தளை ஃபார்திங் காசைத் தடை செய்தார்கள். சில்லறை இல்லை என்று நம்மூர் அண்ணாச்சி கடையில் மிட்டாய் தருவார்களே, அதே ஏற்பாடுதான். இங்கே அரசாங்கமே அண்ணாச்சி, மிட்டாய்க்குப் பதில் ஈயம்.

'முழு அளவு' என்ற இரண்டு வார்த்தையைச் சும்மா போடவில்லை. போடாமல் விட்டிருந்தால், வாத்து சுடும் பொடிக் குண்டைக் கொண்டுவந்து நீட்டி, 'இதுவும் குண்டுதானே ஐயா' என்று வாதாட ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள் என்று அர்த்தம். இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள்: ஒரே நேரத்தில் 12 பென்சுக்கு மேல் குண்டாக வாங்கிக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதாவது 48 குண்டு. ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறக்குறைய 12 குண்டு வார்த்த காலம் அது. கணக்குப் போட்டால் நாலு பவுண்டு, ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தால், பிரார்த்தனைக்கு எழுந்து நிற்கும்போது மானம் போகும். சட்டம் அதற்கும் சேர்த்துத்தான் எல்லை வகுத்ததோ என்னவோ.

இதில் ஒரு வேடிக்கை. பூர்வகுடிகளுக்குத் துப்பாக்கியோ மருந்தோ குண்டோ விற்கக் கூடாது என்பதும் அந்த ஊர்ச் சட்டம். அப்படியானால் ரோமத் தோல் வாங்க எதைக் கொடுப்பது? குண்டு காசுதான், ஆனால் அவர்களிடம் கொடுத்தால் குற்றம். அவர்களோடு நடந்த வியாபாரத்துக்கு வாம்பம் என்கிற சிப்பிமணிச் சரம்தான் காசாக ஓடியது. கொஞ்ச நாளில் அந்த மணியையே வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளும் சட்டப்படி காசாக்கிக்கொண்டார்கள். குண்டைக் கொடுத்துக் கடன் தீர்ப்பதை விட மணியைக் கொடுத்துத் தீர்ப்பது நிம்மதி: கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் சண்டை போட்டால் மணியைத் துப்பாக்கியில் போட முடியாது.

காசாக இருக்க லட்சணமுள்ள குண்டு வருவதற்கு இன்னும் இருநூறு வருஷம் ஆயிற்று. அது வந்ததும் யுத்த களத்திலிருந்து அல்ல, பாரிஸ் வரவேற்பறையிலிருந்து.

லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1845இல் ஒரு காரியம் செய்தார். துப்பாக்கியில் நெருப்பு மூட்டுவதற்கென்று இருந்த சின்னச் செப்புக் குப்பி ஒன்றை எடுத்தார். அதன் வாயில் ஒரு பொடி ஈய உருண்டையை வைத்து அடைத்தார். மருந்துப் பொடியெல்லாம் கிடையாது. குப்பி வெடிக்கிற வேகத்திலேயே உருண்டை போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேர்ந்த இடம் அறையின் எதிர்ச் சுவர். இரவுச் சாப்பாடு முடிந்து சீமான்களும் சீமாட்டிகளும் வீட்டுக்குள்ளேயே குறிபார்த்து விளையாடினார்கள். உலகத்தில் இதுவரை சுடப்பட்ட தோட்டாக்களில் மிகப் பெரிய கூட்டமான ஒரு வம்சத்துக்கு மூலபுருஷன், பட்டுத்திரைக்கும் பியானோவுக்கும் நடுவே இப்படிப் பிறந்தான்.

அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் பையன் கெட்டுப்போனான். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இரண்டு பேர் குப்பியைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே மருந்தும் போட்டு, 1857இல் ஏழு தோட்டா பிடிக்கும் ஒரு குட்டி ரிவால்வரோடு விற்றார்கள். விட்டம் 0.22 அங்குலம். அமெரிக்காவில் அதைப் 'பாயிண்ட்' எல்லாம் போட்டு மரியாதை செய்ய மாட்டார்கள். 'ட்வென்டி டூ' என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவார்கள். உள்நாட்டுப் போரில் வடக்குச் சிப்பாய்கள் பலர் சொந்தக் காசில் இதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். எதிரியைக் கொல்வதை விட எரிச்சலூட்டவே அதிகம் பயன்படும் ஆயுதம்; இருந்தாலும் அம்மாவின் கடிதத்துக்குப் பக்கத்தில் இதுவும் இருந்தால் ஒரு தைரியம்.

இந்த ரிவால்வருக்குப் பின்னால் ரோலின் வைட் என்று ஒரு பாவம் இருக்கிறார். தோட்டாவைப் பின்பக்கமாகப் போடுவதற்கு உருளையை முழுக்கத் துளைக்கும் யோசனைக்கு 1855இல் காப்புரிமை வாங்கியவர் அவர். ஸ்மித்தும் வெஸ்ஸனும் அவரிடம் உரிமை பெற்றார்கள். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் தருவதாக ஒப்பந்தம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு வரி இருந்தது: யாராவது காப்புரிமையை மீறினால் வழக்குப் போட்டுக் காப்பாற்றும் செலவு வைட் தலையில். அமெரிக்காவில் லேத் வைத்திருந்தவன் எல்லாம் மீறினான். வைட் ஒவ்வொருவன் பின்னாலும் வக்கீலோடு ஓடினார். கடைசியில் கணக்குப் பார்த்தால் ராயல்டியாக வந்தது சுமார் 71,000 டாலர். அதில் பெரும்பகுதி வக்கீல்கள் வீட்டுக்குப் போயிருந்தது. காப்புரிமையை நீட்டித்துத் தரும்படி காங்கிரசில் முட்டி மோதி ஒரு மசோதாவும் வாங்கினார். அதிபர் யுலிசிஸ் கிராண்ட் 1870 ஜனவரியில் அதை ரத்து அதிகாரத்தால் திருப்பி அனுப்பினார். இந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் ராணுவம் பட்ட பாடு போதும் என்று ஆயுதத் துறைத் தலைவர் எழுதிக் கொடுத்திருந்தார். கிராண்ட் தளபதியாக இருந்த அதே ராணுவம். யாரிடம் போய் மனு கொடுக்கிறோம் என்று வைட் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

1887இல் சிக்கோப்பீ ஃபால்ஸ் ஊரில் ஸ்டீவன்ஸ் கம்பெனி குப்பியை இன்னும் நீட்டிக் குண்டையும் கனமாக்கி, இன்று உலகம் முழுக்கச் சுடுகிற .22 லாங் ரைஃபிளை உண்டாக்கியது. சிக்கோப்பீ ஃபால்ஸும் மாசசூசெட்ஸ்தான். குண்டைக் காசு என்று சட்டம் போட்ட மாகாணமே உலகத்தின் சில்லறைத் தோட்டாவையும் பெற்றது. அதே மாகாணத்தில் இன்று ஒரே ஒரு பெட்டி .22 வாங்கவும் உரிம அட்டையை நீட்ட வேண்டும். தாத்தா காலத்துக் காசை வாங்கப் பேரன் லைசென்ஸ் காட்டுகிறான்.

இந்தத் தோட்டாவின் சூட்சுமம் அதன் அடிவிளிம்பில் இருக்கிறது. மற்ற தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்பக்கம் நடுவில் தனியாக ஒரு பிரைமர் பொத்தான் உண்டு. சுட்ட பிறகு அதை மாற்றி, மருந்து நிரப்பி, மறுபடி சுடலாம். .22இல் அந்தப் பாச்சா பலிக்காது. விளிம்பு உள்ளே குழலாக மடிந்திருக்கும். அதற்குள் வெடிக்கும் பசையை ஈரமாக வைத்து, வேகமாகச் சுழற்றி, மூலைமுடுக்கெல்லாம் இழுவிக் காயவைக்கிறார்கள். காய்ந்த பிறகு அதைக் கோபப்படுத்தினால் போதும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கினால் வேலை முடிந்தது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி வீட்டில் மறுபடி நிரப்புவது பெரும்பாடு. வீட்டுக் கொட்டகையில் கள்ளத் தோட்டா அடிப்பதும் லேசல்ல. பார்க்கப்போனால் ஒரு நல்ல நாணயத்துக்கு வேண்டிய குணமெல்லாம் இதற்கு உண்டு: எல்லாம் ஒரே அளவு, போலி செய்வது கஷ்டம், பல வருஷம் கெடாது, ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒரே ஒரு குறை, செலவழித்தால் உண்மையாகவே செலவழிந்துவிடும்.

ஆனால் முதல் நூறு வருஷம் யாரும் இதை அப்படி மதிக்கவில்லை. மலிவு என்பதுதான் இதன் ஒரே புகழ். திருவிழாக்களில் குறிசுடும் கடைகள் முளைத்தன. சங்கிலியில் கட்டிய துப்பாக்கி, தகர வாத்து, சில்லறைக்குச் சில தோட்டா. கிராமத்துக் கடைகளில் பெட்டியைப் பிரித்துச் சிறுவர்களுக்கு எண்ணி விற்றார்கள். 1930களின் பஞ்சத்தில் வளர்ந்த அமெரிக்கத் தாத்தா ஒவ்வொருவருக்கும் ஒரே கதை உண்டு: அப்பா ஐந்து தோட்டா கொடுத்து அனுப்புவார், ஐந்து அணிலோடு வர வேண்டும், நாலோடு வந்தால் ஒரு தோட்டாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எல்லாத் தாத்தாவும் ஐந்தோடுதான் வந்தார்களாம். அன்றைய அமெரிக்கக் காடுகளில் அணில் இனம் எப்படித் தப்பியது என்பது விஞ்ஞானிகள் பாடு.

தப்பியதற்கு ஒரு காரணம், நல்ல குறிகாரர்கள் மரக்கட்டைமேல் போய்விட்டார்கள். 1907இல் டெக்சஸின் சான் அன்டோனியோ திடலில் ஆடால்ஃப் டோப்பர்வைன் என்பவர், வின்செஸ்டர் கம்பெனியின் ஆள், மேலே வீசப்படும் மரக்கட்டைகளை .22ஆல் சுட உட்கார்ந்தார். பத்து நாள். 72,500 கட்டை. தவறியது ஒன்பது. நடுவில் 14,540 கட்டையை ஒன்றுகூட விடாமல் அடித்தார். வீசிய ஆட்களின் தோளைப் பற்றி வரலாறு மௌனம் சாதிக்கிறது. 52 வருஷம் கழித்து ரெமிங்டன் கம்பெனி, நைலான் கட்டை வைத்த ஒரு புதுத் துப்பாக்கியை விற்க வேண்டி, டாம் ஃப்ரை என்பவரை உட்கார வைத்தது. அவர் 1,00,010 கட்டை சுட்டார், ஆறு தவறவிட்டார். அந்தப் பத்து எதற்கு? லட்சத்தோடு நிறுத்தினால் ஒருவேளை யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தார்களோ. இரண்டு பேரும் சேர்ந்து ஊதித் தள்ளிய தோட்டா ஒண்ணேமுக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நாளில் யாருக்கும் வயிறு எரியவில்லை. பின்னால் வரப்போகிறவர்கள் இந்தக் கணக்கைப் படித்தால் டோப்பர்வைன் நோட்டுக் கட்டைப் பற்றவைத்துச் சுருட்டுப் பிடித்தவர் போலத்தான் தெரிவார்.

மலிவுக்கு நடுவே சில தடங்கல்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆலைகள் ராணுவத்துக்குத் திரும்பியதால் ஊர்க் கடைகளில் அலமாரி காய்ந்தது. 1968 ஜூனில் ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஒரு .22 ரிவால்வர், பொம்மைத் தோட்டா என்று சொன்ன வாய்கள் அன்று மூடின. அந்த வருஷம் வந்த துப்பாக்கிச் சட்டத்தின்படி தோட்டா விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் பெயர், வயது, முகவரி எல்லாம் பேரேட்டில் எழுத வேண்டும். 50 தோட்டா வாங்கிய கிழவர் பெயரும் ஏறியது, தகர டப்பா சுடப் போகும் மாமா பெயரும் ஏறியது. பதினாலு வருஷம் எழுதினார்கள். அந்தப் பேரேட்டால் யாரையும் பிடிக்க முடியவில்லை என்று கண்டுகொண்டு, 1982இல் .22க்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 1986இல் மற்ற தோட்டாக்களுக்கும் பேரேடு போயிற்று. கடைக்காரர்களின் விரல் வலி தீர்ந்தது.

இனி பொற்காலம். 2000களின் தொடக்கத்தில் 550 தோட்டா அடைத்த பெட்டி பத்து டாலருக்கும் குறைவு. தோட்டா ஒன்று இரண்டு சென்ட்டுக்கும் கீழே. அப்போது அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். ஹோட்டலில் ஒரு மணி நேரம் தட்டுக் கழுவினால் 280 தோட்டா. அதைச் சுட்டுத் தீர்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். உழைப்பும் ஊதாரித்தனமும் இவ்வளவு சரியாகச் சமன்பட்ட காலம் பொருளாதார வரலாற்றில் அபூர்வம். 50 தோட்டாப் பெட்டி பத்தைச் சேர்த்துக் கட்டினால் அதற்குச் 'செங்கல்' என்று பெயர். எடை சுமார் ஒன்றே முக்கால் கிலோ. 1635 சட்டம் வைத்த உச்சவரம்பும் கிட்டத்தட்ட அதே எடைதான். ரெமிங்டன் ஒரு படி மேலே போய் 1,400 தோட்டாவைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டிக் கைப்பிடி போட்டு விற்றது. வாளியில் வருகிற எதையும் மனிதன் மதிப்பதில்லை.

ஒரே ஒரு கூட்டம் மதித்தது. டாலர் நாளைக்கே செத்துவிடும், மின்சாரம் போய்விடும், அரசாங்கம் கவிழ்ந்துவிடும் என்று வருஷாவருஷம் தேதி குறித்துக் காத்திருக்கிற கூட்டம். தங்கம் வாங்கி வைத்தவர்களைப் பார்த்து அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: உலகம் முடிந்த மறுநாள் காலை ஒரு முட்டை வாங்கப் போகிறாய், தங்கக் காசை நீட்டினால் மீதி யார் தருவார்கள்? மாசசூசெட்ஸ் பெரியவர்களின் அதே சில்லறைப் பிரச்சினை, 370 வருஷம் கழித்து. பதிலும் அதே பதில்: .22தான் நாளைய சில்லறை. இத்தனை தோட்டாவுக்கு ஒரு முட்டை, இத்தனைக்கு ஒரு கோழி என்று மனசுக்குள் விலைப்பட்டியலே ஓடியது. நிலவறையில் செங்கல் செங்கலாக அடுக்கினார்கள். ஒரு சின்ன ஓட்டையை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. முட்டைக்காரரிடம் பத்துத் தோட்டா கொடுத்து முட்டை வாங்கி வருகிறீர்கள். இப்போது அவரிடம் தோட்டா இருக்கிறது, உங்களிடம் முட்டை இருக்கிறது. அவருக்கு முட்டை திரும்ப வேண்டும் என்று தோன்றினால்?

உலகம் முடியவில்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாகாணத்தின் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புதுச் சட்டம் வரும் என்று பேச்சுக் கிளம்பியது. சட்டம் வருமுன் வாங்கிவிட வேண்டும் என்று ஜனம் கடைக்கு ஓடியது. பெரிய துப்பாக்கி போயிற்று, பெரிய தோட்டா போயிற்று. பிறகு எவரும் தடை செய்ய நினைக்காத .22 போயிற்று. மற்றதெல்லாம் ஒரு வருஷத்தில் அலமாரிக்குத் திரும்பின. .22 மட்டும் இரண்டு மூன்று வருஷம் கண்ணில் படவில்லை.

காரணம் தேடினார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டா வாங்குகிறது, ஜனங்களிடம் ஒன்றும் மிஞ்சாமல் செய்யத்தான் இது என்று வதந்தி. அந்த எண் ஐந்து வருஷத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு வாங்கலாம் என்ற டெண்டர் எல்லை. வாங்கியே தீருவோம் என்ற உறுதி இல்லை. 2014 ஜனவரியில் அரசுத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது: துறை வாங்குவது வருஷத்துக்குச் சராசரி 10 கோடி அளவுதான், அதுவும் குறைந்துகொண்டு வருகிறது. அறிக்கையைப் படித்தவர்கள் ஏற்கெனவே நம்பாதவர்கள். நம்பியவர்கள் படிக்க நேரமில்லாமல் வரிசையில் நின்றார்கள்.

வரிசை எப்படி என்றால், வால்மார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டி என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ராத்திரி லாரி வரும், காலையில் சரக்கு அலமாரிக்கு வரும். அந்த நேரம் பார்த்துக் காலை ஆறு மணிக்கே ஓய்வுபெற்ற பெரியவர்கள் மடக்கு நாற்காலியும் காபிக் குடுவையுமாக வந்துவிடுவார்கள். பணியாளர் கண்ணாடிப் பெட்டியின் சாவியைத் திருப்புவார். மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டு ஏழேகாலுக்குக் கூட்டம் கலையும். எட்டு மணி வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிற இளைஞனுக்கு விலைச் சீட்டு மட்டும் தொங்கும். 20 டாலர் என்று எழுதியிருக்கும் அந்தச் சீட்டு; அது தகவலுக்காக மட்டும். சனிக்கிழமை துப்பாக்கிச் சந்தைக்குப் போனால் அதே பெட்டி, அதே பெரியவர், மேஜை விரித்து உட்கார்ந்திருப்பார். விலை 50, 60, சில நாள் அதற்கு மேலும். வாயில் மட்டும் அரசாங்கத்தின் பதுக்கலைப் பற்றிய கடும் கண்டனம்.

கூலிக் கணக்கில் பாருங்கள். 2012இல் மணிக்கூலி 7.25 டாலருக்கு ஏறக்குறைய 200 தோட்டா. அடுத்த வருஷம் தோட்டா பத்து சென்ட்டுக்கு மேல். அதே கூலிக்கு எழுபதுகூடத் தேறவில்லை. ஒரு வருஷத்தில் கூலியின் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போன பணவீக்கம். வேறெந்த நாட்டில் வேறெந்தச் சாமானுக்கு இது நடந்திருந்தாலும் ஆட்சி கவிழ்ந்திருக்கும். இங்கே துப்பாக்கிக் கடைக்காரர்கள் ஒபாமா படத்தை மாட்டி, 'இந்த வருஷத்தின் சிறந்த விற்பனையாளர்' என்று எழுதி வைத்தார்கள்.

ஆலைகள் என்ன செய்தன? இரவும் பகலும் ஓட்டின. ஐடஹோ மாகாணத்தின் லூயிஸ்டன் ஊரில் சிசிஐ ஆலையில் மட்டும் ஒரு நாளைக்கு நாற்பது லட்சம் .22 செய்ததாகச் சொன்னார்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? ஒரு கோடிப் பேர் ஆளுக்கு ஆயிரம் தோட்டா கூடுதலாக வாங்கி வைக்கலாமே என்று நினைத்தால், அந்த ஆலை 2,500 நாள் ஓட வேண்டும். ஏழு வருஷம் கிட்ட. ஆயிரம் என்பதோ இரண்டே செங்கல். கட்டிலுக்கு அடியில் செருப்புக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். புது யந்திரம் போடலாமே என்றால் முதலாளிகள் தலையைச் சொறிந்தார்கள். விளிம்புத் தோட்டா யந்திரத்தில் வேறு தோட்டா செய்ய முடியாது. ஒன்றில் கிடைக்கிற லாபம் சென்ட்டில் ஒரு துணுக்கு. ஜனத்துக்குப் பயம் தெளிகிற அன்றைக்கு யந்திரமும் கடனும்தான் மிஞ்சும். பயத்தை நம்பி முதல் போட்டவன் கெட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பதுக்கியவர்கள் தெரியாமலே ஒரு புண்ணியம் செய்தார்கள். 1937 சட்டப்படி தோட்டா விலையில் 11 சதவீதம் வரி, அது வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. கிலி பிடித்துத் தோட்டா வாங்கிய வருஷங்களில் வாங்கியதைச் சுடவில்லை. வரி மட்டும் மானுக்கும் வாத்துக்கும் தவறாமல் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க முயல்களுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. வேட்டைக்காரர்கள் எல்லாரும் நன்கொடையாளர்களாகி, ஒருவரும் சுடாமல் வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். மறுநாளிலிருந்து பயப்பட ஒன்றும் இல்லை. நிலவறையில் இருந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள், கையில் பத்துப் பன்னிரண்டு சென்ட்டுக்கு வாங்கிய செங்கல்லோடு. கடையில் நாலு சென்ட்டுக்குக் குவிந்து கிடந்தது. தள்ளுபடிக் கூப்பன் வேறு. நாளைய நாணயம் என்று சேமித்தது மூன்றில் ஒரு பங்கு மதிப்புக்கு இறங்கிவிட்டது. டாலர் வீழும் என்று டாலரை மாற்றி வைத்தவர்களுக்கு எதிரே டாலர் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தது. 2018 மார்ச்சில் வாளிப் புகழ் ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது. கடனைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்து, 2020 ஜூலையில் மறுபடி திவால் மனு கொடுத்தது. 2020, அமெரிக்காவில் அதுவரை இல்லாத அளவுக்குத் துப்பாக்கி விற்ற வருஷம். பெருந்தொற்று, கலவரம், தேர்தல் மூன்றும் சேர்ந்து வந்து ஜனம் கடைவாசலில் வரிசை கட்டி நின்ற நேரத்தில், இருநூறு வருஷக் கம்பெனி நீதிமன்ற வாசலில் நின்றது. வியாபாரத்தில் நேரம் என்று சொல்வார்களே, அது இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது: எதிர்ப்பக்கமாக.

திவாலை அடுத்து நடந்த ஏலத்தில் ரெமிங்டனின் பெயரையும் ஆர்க்கன்சாவில் லோனோக் ஊர்த் தோட்டா ஆலையையும் விஸ்டா என்ற நிறுவனம் 8.14 கோடி டாலருக்கு வாங்கியது. சிசிஐயும் ஃபெடரல் என்ற தோட்டாக் கம்பெனியும் ஏற்கெனவே அவர்களுடையவை. அலமாரியில் மூன்று பெயர் அடுக்கியிருக்கும், மூன்றுக்கும் கல்லாப்பெட்டி ஒன்று. 2014இல் வாங்கி 2019இல் நஷ்டத்துக்கு விற்றவர், 2021இல் அதே தோட்டாவைப் பன்னிரண்டு சென்ட்டுக்குத் திரும்ப வாங்கினார். மூன்று பரிவர்த்தனையிலும் தப்பாமல் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இப்போது ஆறிலிருந்து எட்டு சென்ட்டுக்குள் கிடக்கிறது. குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து அதே 7.25தான், ஆடவில்லை அசையவில்லை; ஒரு மணி நேரத் தட்டுக் கழுவலுக்கு நூறு தோட்டா. விஸ்டாவின் தோட்டா வியாபாரம் முழுக்க 2024 நவம்பரில் பிராகில் இருக்கிற செக்கோஸ்லோவாக் குரூப்புக்குக் கைமாறியது. 200 கோடி டாலருக்கும் மேல். விற்கக் கூடாது என்று ஜே.டி. வான்ஸ் உட்படச் சில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். அமெரிக்க அரசின் பாதுகாப்பு ஆய்வுக் குழு கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றது. ஆகவே நாளைக்கு டாலர் செத்தால் ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்று டெக்சஸில் ஒருவர் கொடியும் வாளியுமாகக் காத்திருக்கிறாரே, அவர் அடுத்த செங்கல் வாங்கும்போது லாபம் செக் நாட்டுக்குப் போகிறது. அங்கே இருக்கிற முதலாளி அந்த 200 கோடிக்கு மேல் கொடுத்ததும் டாலரில்தான், திருப்பி எடுக்கப்போவதும் டாலரில்தான். தோட்டாவாகத் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.